சாட்சியைக் கலைத்தது யார்?

ஐம்பது வருஷத்துப் பழைய படச்சுருள் டப்பாவைத் திறந்தால் முதலில் வேலை செய்வது மூக்குதான். குப்பென்று வினிகர் வாடை அடிக்கும். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அது அடுப்படி வாசனை. வினிகர் இல்லாமல் அங்கே அடோபோ கறி இல்லை. ஆனால் பிலிம் டப்பாவிலிருந்து அதே வாடை வந்தால், உள்ளே ஒரு படம் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுருள் நெளிந்திருக்கும். ஓரத்துத் துளைகள் சுருங்கிப்போய் புரொஜெக்டரின் பல்லில் உட்காராது. எழுபதுகளின் வண்ண பிரிண்ட் என்றால் நீலமும் பச்சையும் வெளிறி, கடலும் வானமும் நாயகியின் முகமும் ஒரே இளஞ்சிவப்பில் நிற்கும். டப்பாவை மூடிவிட்டுப் பக்கத்தில் நிற்பவர் பெருமூச்சோடு சொல்வார்: “காலம் அழிச்சிருச்சு.”

அந்த வாக்கியத்தைத்தான் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அதில் எழுவாய் யார்? காலம். கை கால் இல்லாத, சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாத, எந்தக் கோர்ட்டுக்கும் சம்மன் அனுப்ப முடியாத ஓர் ஆசாமி. “எல்லாம் தலையெழுத்து” என்று சொல்ல வெட்கப்படுகிற படித்தவர்கள், அதே வேலைக்கு வேறு பெயரில் வைத்துக்கொண்ட ஆள். நெற்றியில் பிரம்மன் எழுதினான் என்று சொன்னால் சிரிக்கிறோம். காலம் தின்றுவிட்டது என்று சொன்னால் தலையாட்டுகிறோம். இரண்டுக்கும் பயன் ஒன்றே. தவறு செய்த மனிதர் தப்பித்துவிடுகிறார்.

டப்பாவுக்குள் உண்மையில் நடப்பது வேதியியல். படச்சுருளின் அடித்தளம் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். கக்கிய அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். குளிர்ச்சியும் வறட்சியும் இருந்தால் இந்த வினை நத்தை வேகத்துக்கு வந்துவிடும். ஆக, படத்தின் ஆயுளை முடிவு செய்வது ஒரு அறை, அதன் மின்கட்டணம், மாதம் ஒருமுறை டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கும் ஒரு ஊழியர். மூன்றும் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள். ஏ.சி.யைப் பகலில் போட்டு இரவில் அணைப்பது என்பதும் ஒரு முடிவு. “இந்த ஆண்டு ஒதுக்கீடு இல்லை” என்று கோப்பில் எழுதுவதும் ஒரு முடிவு. கோப்பில் கையெழுத்துப் போட்டவருக்குப் பெயர் உண்டு. அவர் பெயர் காலம் அல்ல.

இதை நிரூபிக்கத் தனியாகப் பரிசோதனை எதுவும் நடத்த வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸ் சினிமாவே நடத்திக் காட்டிவிட்டது.

இயக்குநர் லீனோ ப்ரோக்கா 1939-இல் சோர்சொகோன் மாகாணத்தின் பிலார் ஊரில் பிறந்தவர். 1991 மே மாதம் கேஸோன் நகரத்தில் கார் விபத்தில் இறந்தார். ஐம்பத்திரண்டு வயதுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள். கடனை அடைக்கவும் அடுப்பெரியவும் கண்ணீர்ப் படங்களை எடுப்பார். அந்தக் காசிலும் அந்தப் பெயரிலும் தன் மனசுக்கான படத்தை எடுத்துவிடுவார். 1975-இல் வந்த ‘மாய்னிலா: சா மங்கா குகோ நங் லிவானாக்’, வெளிச்சத்தின் நகங்களில் சிக்கிய மணிலா, அப்படி மனசுக்காக எடுத்த படம். தயாரிப்பு, ஒளிப்பதிவு இரண்டும் மைக் டி லியோன். ‘இன்சியாங்’ 1976-இல் வந்தது. 1978-இல் கான் விழாவுக்குப் போனது, அங்கே திரையிடப்பட்ட முதல் பிலிப்பைன்ஸ் படமாக.

‘மாய்னிலா’ படத்தின் மூல நெகட்டிவ் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட்டின் காப்பகத்தில் இருந்தது. ‘இன்சியாங்’ நெகட்டிவை, ப்ரோக்காவைக் கானுக்கு அழைத்துப்போன பிரெஞ்சு விமர்சகர் பியர் ரிசியான் பிரான்சிலுள்ள எல்.டி.சி. லேபில் ஒப்படைத்து வைத்திருந்தார். அந்த நெகட்டிவ்களைக் கொண்டுதான் இத்தாலியின் பொலோனா நகரத்து லேபில், மார்ட்டின் ஸ்கோர்செசி தொடங்கிய உலக சினிமாத் திட்டம் இரண்டையும் மீட்டது. ‘மாய்னிலா’ 2013-இலும் ‘இன்சியாங்’ 2015-இலும் கானில் மறுபடி ஒளிர்ந்தன. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உதயசங்கர் எடுத்த 1948-ஆம் ஆண்டு ‘கல்பனா’வை மீட்டதும் அதே திட்டம், அதே லேப்.

இப்போது யோசியுங்கள். 1975-இலிருந்து 2013 வரை இங்கிலாந்தில் ஓடியது முப்பத்தெட்டு ஆண்டு. மணிலாவில் ஓடியதும் முப்பத்தெட்டு ஆண்டு. காலம்தான் அழிக்கும் என்றால் இரண்டு இடத்திலும் சமமாக அழித்திருக்க வேண்டும். இங்கிலாந்துக் கடிகாரம் என்ன மெதுவாகவா ஓடியது? கடிகாரம் ஒன்றுதான், அறை வேறு. வழக்கு இங்கேயே முடிந்துவிட்டது. குற்றவாளி காலம் இல்லை என்று தெரிந்த பிறகு, யார் என்று கேட்பதுதான் பாக்கி.

அதற்கு மணிலா விரிகுடாவின் ஓரத்தில் நிற்கும் ஒரு கட்டடத்துக்குப் போக வேண்டும்.

அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸின் மனைவி இமெல்டாவுக்கு, கானுக்குப் போட்டியாக ஒரு சர்வதேசப் படவிழா நடத்த ஆசை. கடலைத் தூர்த்த நிலத்தில், கிரேக்கக் கோயில்போலத் தூண்கள் வைத்து, மணிலா பிலிம் சென்டர் எழும்பியது. ராத்திரி பகலாக ஷிஃப்ட் போட்டு வேலை. 1981 நவம்பர் 17, விடியற்காலை. சாரம் சரிந்தது. தொழிலாளர்கள் ஈர சிமெண்டுக்குள் விழுந்தார்கள். மீட்புப் படையும் செய்தியாளர்களும் மணிக்கணக்கில் உள்ளே விடப்படவில்லை என்பது பரவலாகப் பதிவான செய்தி. செத்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை சர்ச்சை. சர்ச்சை இல்லாத ஒன்று: இரண்டே மாதத்தில், 1982 ஜனவரியில், விழா நடந்தது. வெட்கம் கெட்ட வேகம்.

அந்தக் கட்டடம் வெறும் தியேட்டராக மட்டும் திட்டமிடப்படவில்லை. நாட்டின் திரைப்படக் காப்பகமும் அங்கேயே அமைய வேண்டும் என்பது ஏற்பாடு. காப்பகம் தொடங்கவும் செய்தது. 1986-இல் மார்க்கோஸ் விரட்டப்பட்டபோது அவரது பகட்டுகளோடு சேர்த்து அதுவும் கைவிடப்பட்டது. ஓடிப்போனவன் கட்டிய வீடு என்பதற்காக வீட்டிலிருந்த குழந்தையையும் தெருவில் விட்டதுபோல. அரசின் பெயரில் மறுபடி ஒரு தேசியத் திரைப்படக் காப்பகம் வர 2011 ஆக வேண்டியிருந்தது. நடுவில் இருபத்தைந்து ஆண்டு மணிலா வெயில், மழை, வெள்ளம். சர்வாதிகாரி தன் பெருமைக்காகக் கட்டினார். ஜனநாயகம் தன் கோபத்துக்காகக் கைவிட்டது. இரண்டு பேரின் கணக்கிலும் படச்சுருள் ஒரு பொருட்டாக இல்லை.

1990 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டடமும் பாழாய்க் கிடந்தது. கூடவே பேயும் வந்தது. இரவில் முனகல் கேட்கிறது, சுவரிலிருந்து கை நீள்கிறது என்று கதை. இன்றும் மணிலாவின் பேய் வீடுகளைப் பட்டியலிடுபவர்கள் அதை விடமாட்டார்கள். எனக்கு இந்தப் பேய்மீது ஒரே ஒரு வருத்தம்தான். அது ஆட்சியாளர்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்கிறது. பேய் என்றவுடன் மயிர்க்கூச்செறிகிறது; “ஒப்பந்தக்காரர் யார், அவசரப்படுத்தியது யார், கதவைப் பூட்டச் சொன்னது யார்” என்ற கேள்வி தூங்கிவிடுகிறது. செத்த தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டியது நஷ்டஈடும் நீதியும்; நாம் கொடுத்தது மந்திரமும் பயமும். காலம் என்பதும் பேய் என்பதும் ஒரே கம்பெனியின் இரண்டு சரக்குகள்.

பேய்க்கதை சொல்கிறவர்கள் ‘மாய்னிலா’வைப் பார்க்க வேண்டும். மீன்பிடிக் கிராமத்திலிருந்து காதலியைத் தேடி மணிலாவுக்கு வரும் ஹூலியோ, பசியில் ஒரு கட்டட வேலைக்குச் சேர்கிறான். சம்பள நாள். பதிவேட்டில் நாலு பேசோ என்று எழுதியிருக்கும் இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள். கையில் வைப்பது இரண்டரை. ஹூலியோ காகிதத்தைப் பார்க்கிறான், காசைப் பார்க்கிறான். பக்கத்தில் நிற்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. பாடகனாகும் கனவோடு அங்கே கல் மண் சுமக்கும் ஓர் இளைஞன் உயரத்திலிருந்து விழுந்து சாகிறான்; வேலை நிற்பதில்லை. 1975-இல் திரையில் ஒருவன் விழுந்தான். 1981-இல் திரைக்காகக் கட்டிய மாளிகையிலேயே விழுந்தார்கள். ப்ரோக்கா ஜோசியம் பார்க்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட படங்கள் அழிந்தால் யாருக்கு லாபம் என்பது துப்பறியும் கதையின் முதல் கேள்வி. சேரிகளை மறைக்கச் சுவர் எழுப்பி வெள்ளையடித்த ஆட்சி அது. வெளிநாட்டு விருந்தாளி வரும் பாதையில் தகரமும் மரப்பலகையும் கண்ணில் படக்கூடாது. ப்ரோக்காவோ கேமராவைத் தோண்டோ சேரிக்குள் தூக்கிக்கொண்டு போய், பன்றிகளை அறுக்கும் கொட்டடியிலிருந்து ‘இன்சியாங்’கைத் தொடங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததற்கு ஆவணம் அந்த நெகட்டிவ். 1985 ஜனவரியில் ஜீப்னி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தில் நின்றதற்காக அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். தேசத்துரோகத் தூண்டல் என்று வழக்கு. ‘பாயன் கோ: காபிட் சா பாதாலிம்’ படத்தை வெட்டச் சொன்ன தணிக்கைக் குழுவுடன் உச்சநீதிமன்றம் வரை போனார். மார்க்கோஸ் போய் கொராசோன் அகீனோ வந்ததும் அரசியல் சாசனக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. பேச்சுரிமை, பத்திரிகையுரிமை என்றிருந்த பிரிவில் ‘வெளிப்பாட்டுரிமை’ என்ற சொல் சேர அவரே காரணம் என்பார்கள். சில மாதங்களிலேயே அந்த நாற்காலியையும் விட்டு எழுந்துவிட்டார். 1989-இல் ‘ஓராப்ரோநோபிஸ்’ எடுத்து, தான் ஆதரித்த ஆட்சியின் கீழ் ஆடிய ஆயுதக் கும்பல்களைக் காட்டினார். அந்தப் படமும் சொந்த நாட்டின் தியேட்டர்களுக்கு வரவில்லை. ஆட்சி மாறியது, சாட்சி பேச்சு மாறவில்லை.

2022-இல் மார்க்கோஸின் மகன் அதே நாட்டின் அதிபரானார். அப்பா காலம் பொற்காலம் என்ற கதை அதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. பொற்காலக் கதைக்கு எதிராக வாதம் வேண்டாம், ‘இன்சியாங்’கின் ஒரு ரீல் போதும். அதனால்தான் சொல்கிறேன்: நீதிமன்றத்தில் சாட்சியை மிரட்டியும் விலைபேசியும் கலைப்பார்கள். சினிமாவில் அவ்வளவு பாடு தேவையில்லை. மின்கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் போதும், வினிகர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் பழியை ஆட்சியாளர் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியாது. அடுத்த கூண்டு ரசிகர்களுக்கு.

ப்ரோக்காவின் 1980-ஆம் ஆண்டுப் படம் ‘போனா’. மணிலாவின் கியாபோவில் கறுப்பு நாசரேன் என்ற ஏசு சிலையின் ஊர்வலத்தோடு தொடங்குகிறது. சிலையைத் தொட, துண்டை வீசி ஒற்றிக்கொள்ள, ஆயிரமாயிரம் பேர் முண்டியடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண், போனா. நடித்தவர் நோரா அவுனோர். அவள் ஒரு துணை நடிகனின் பரம ரசிகை. வீட்டை விட்டு வந்து அவனுக்குத் தண்ணீர் சுமந்து, குளிக்க வெந்நீர் வைத்து, அவன் அழைத்து வரும் பெண்களையும் சகித்துக்கொண்டு தொண்டு செய்கிறாள். சிலைக்கு முன் நிற்பவளும் நடிகனுக்கு முன் நிற்பவளும் ஒருத்தியே என்று ப்ரோக்கா சொல்லாமல் சொல்கிறார். கடைசியில் அவள் என்ன செய்கிறாள் என்பதைப் படத்தில் பாருங்கள். தினமும் வைத்த அந்த வெந்நீர்தான் பேசும்.

பக்தி எதையும் பாதுகாப்பதில்லை. அது தொட்டுத் தொட்டுத் தேய்க்கும். அல்லது ஊர்வலம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும். ப்ரோக்காவுக்கு 1985-இல் மகசேசே விருது, இறந்த பிறகு 1997-இல் தேசியக் கலைஞர் பட்டம். நல்லது. பட்டயத்துக்குக் குளிர்பதன அறை தேவையில்லை. அதனால்தான் பட்டயம் கொடுப்பது சுலபம். மாலை, பட்டயம், தபால்தலை, தெருப்பெயர் எல்லாம் ஒரு நாள் செலவு. படத்தைக் காப்பது தினச் செலவு. கைதட்டல் கிடைக்காத செலவு. ஒரு சமூகம் தன் கலைஞனை மதிக்கிறதா, வணங்கித் தொலைக்கிறதா என்று அறிய, சிலையைப் பார்க்காதீர்கள். மின்கட்டண ரசீதைக் கேளுங்கள்.

‘போனா’ நெகட்டிவும் பிரான்சில்தான் பிழைத்துக் கிடந்தது. 2024-இல் அங்கிருந்தே மீட்கப்பட்டுக் கானில் வந்தது. “நம் சொத்து வெள்ளைக்காரன் வீட்டிலா?” என்று கோபப்படுவோர் உண்டு. கோபம் நியாயம், முகவரி தப்பு. நெகட்டிவுக்குத் தேசபக்தி கிடையாது, வெப்பநிலைதான் உண்டு. ஆனால் விழாக்காரர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ப்ரோக்கா எடுத்தது அறுபதுக்கு மேல். உலகம் தூக்கிக் கொஞ்சுவது விரல்விட்டு எண்ணும் படங்களை. விருது வாங்காத கண்ணீர்ப் படங்களில்தான் அந்நாட்டுச் சனங்கள் வாரக்கடைசியில் போய் அழுதார்கள். எது காக்கத் தகுந்தது என்பதைக் கானின் சிவப்புக் கம்பளம் தீர்மானிக்கும் என்றால், அதுவும் ஒரு கோயில், அங்கேயும் ஒரு பூசாரி.

“பசித்தவனுக்குச் சோறா, பழைய படத்துக்கு ஏ.சி.யா?” இந்தக் கேள்வி எப்போதும் வரும். நேராகவே பதில் சொல்கிறேன். ஒரு குழந்தையின் மருந்தும் ஒரு படச்சுருளும் எதிரெதிரே நின்றால் மருந்துக்குத்தான் என் ஓட்டு. ப்ரோக்கா இருந்தால் அவர் ஓட்டும் அதற்கே விழும். ஆனால் எந்த அரசு பட்ஜெட்டிலாவது அந்த இரண்டும் எதிரெதிரே நின்றிருக்கிறதா? மணிலாவில் எதிரெதிரே நின்றவை படச்சுருளும் மாளிகையும். அப்போது ஏழையின் பெயரைச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. ஏழையின் முகம் பதிந்த படத்தைக் காக்கப் பணம் கேட்கும்போது மட்டும் ஏழை ஞாபகத்துக்கு வருகிறான்.

இப்படிச் சும்மா விட்டதன் விளைவு அந்நாட்டில் கண்கூடு. பிலிப்பைன்ஸ்காரர் எடுத்த முதல் கதைப்படம், ஹோசே நெபோமுசேனோவின் 1919 ‘தலாகாங் புகிட்’, இன்று இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் எடுத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் பிழைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. போரையும் தீயையும் சொல்வார்கள்; போரும் மனிதன் செய்வதே. மாறாக, இஷ்மாயில் பெர்னாலின் ‘ஹிமாலா’வைப் பாருங்கள். மேரியைக் கண்டதாகச் சொல்லும் ஒரு பெண்ணின் பின்னால் ஊரே திரள, கடைசியில் அவளே கூட்டத்தைப் பார்த்து அற்புதம் என்று ஒன்று இல்லை என அறிவிக்கும் படம். 1982-இல் வந்தது, ஏ.பி.எஸ்.-சி.பி.என். தொலைக்காட்சி நிறுவனத்தின் காப்பகம் 2012-இல் அதை ஃபிரேம் ஃபிரேமாகத் துடைத்து மீட்டது. அற்புதம் இல்லை என்ற படத்தைக் காப்பாற்றியதும் அற்புதம் இல்லை. கண் வலிக்க உட்கார்ந்தவர்களின் உழைப்பு. அந்த நிறுவனத்தின் ஒளிபரப்பு உரிமத்தை 2020 ஜூலையில் நாடாளுமன்றக் குழு மறுத்தது; ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். ஒரு நாட்டின் ஞாபகம் ஒரு தனியார் உரிமத்தில் தொங்கினால், அதிகாரம் கத்தரிக்கோலைத் தேட வேண்டியதே இல்லை.

சுதந்திரப் படைப்பாளிக்கு இது இரட்டை ஆபத்து. ஸ்டுடியோவின் கட்டளை இல்லை. ஸ்டுடியோவின் கிடங்கும் இல்லை. தயாரிப்பாளர் நொடிப்பார், லேப் மூடும், நெகட்டிவ் அநாதையாகும். பிலிப்பைன்ஸ் இயக்குநர் லாவ் டியாஸ் போன்றவர்கள் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படங்களை வருஷக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். டிஜிட்டலில் எடுத்தவை பத்திரம் என்று நினைக்க வேண்டாம். வினிகராவது வாடை விட்டு எச்சரிக்கும். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் பேசாமல் செத்துப்போகும்.

மறுபடி அந்தச் சம்பள நாளுக்கு வருகிறேன். கதையில் வரும் அந்தப் பதிவேடு மாதிரி எத்தனையோ பதிவேடுகள் எத்தனையோ அலுவலகங்களில் பத்திரமாக இருக்கும். முத்திரை இருக்கும், தேதி இருக்கும், தொழிலாளியின் கையெழுத்தே இருக்கும். நாளை ஒரு வரலாற்று ஆசிரியர் அவற்றைப் புரட்டி, அன்றைய கூலி நாலு பேசோ என்று ஆதாரத்தோடு எழுதுவார். எழுதுவதில் பிழையே இருக்காது.

திருடப்பட்ட அந்த ஒன்றரை பேசோவுக்குக் கணக்கு எந்தக் கோப்பிலும் இல்லை. அது அந்தப் படச்சுருளில்தான் இருக்கிறது. டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்க யாரையாவது வேலைக்கு வைத்திருக்கிறோமா?